பதினைந்து நாளுக்கு ஒரு முறை மருந்து அடித்தும் எலுமிச்சைத் தோட்டம் ஏன் தேறவில்லை?

ஏறத்தாழ 400 மரங்கள் உள்ள எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை தவறாமல் மருந்து அடித்தும் துளிர் சுருள்வது நிற்கவில்லை, சில மரங்களில் இலை மஞ்சளாகிறது, தாழ்வான மூலையில் நிற்கும் மரங்களில் அடிமரத்திலிருந்து பிசின் வடிகிறது, ஆகவே அனுபவமுள்ள தோட்டக்காரர்கள் எந்த மருந்தை எத்தனை நாள் இடைவெளியில் அடிக்கிறார்கள் என்ற அட்டவணை வேண்டும் என்று, மூன்று புகைப்படங்களையும் நீங்கள் அடிக்கும் நான்கு மருந்துகளின் பட்டியலையும் அனுப்பிக் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அட்டவணை கேட்டாலும், உங்களை உண்மையில் உறுத்துவது இவ்வளவு அடித்தும் ஏன் அடங்கவில்லை என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு விடை சொல்ல முடியும். நாள் கணக்கில் எழுதிய அட்டவணைக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன். தோட்டக்கலை படித்துவிட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாக எலுமிச்சைக் குடும்பப் பயிர்களோடு மட்டுமே வேலை செய்துவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி போன்றவை ஆண்டு முழுவதும் ஒரே சீராக வளர்வதில்லை. அலை அலையாகத் துளிர்க்கும், பிறகு சில வாரங்கள் ஓய்ந்திருக்கும், மழையோ பாசனமோ உரமோ கிடைத்ததும் மறுபடி துளிர்க்கும். சைலிட் என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி, அசுவினி, இலைக்குள் குடைந்து செல்லும் இலைத்துளைப்பான் புழு, எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு ஆகிய நான்கும் தேடி வருவது அந்த இளந்துளிரைத்தான். சைலிட் முற்றிய இலையில் உயிர் வாழும். ஆனால் முட்டையிட அதற்கு விரிந்தும் விரியாத துளிர் வேண்டும். இலைத்துளைப்பானும் இலை தடித்துவிட்டால் உள்ளே நுழைவதில்லை. எனவே நாள் பார்த்து அடிக்கும்போது, தெளிப்பில் பெரும்பகுதி காப்பாற்ற வேண்டிய தேவையே இல்லாத முற்றிய இலைகளின் மேல் விழுகிறது. அடித்த மூன்றாம் நாள் வெளிவரும் துளிருக்கோ ஒரு பாதுகாப்பும் இல்லை. அடித்த நாளில் அந்த இலையே இல்லையே! அடுத்த தெளிப்புக்குள் அது சுருண்டு முடிந்திருக்கும். நல்ல தோட்டக்காரர்கள் மரம் ஓய்ந்திருக்கும்போது, துளிர் வெடிப்பதற்குச் சற்று முன்னதாகவே வளர்ந்த சைலிட்டுகளைக் குறைத்துவிடுகிறார்கள். துளிர் தீக்குச்சித் தலை அளவுக்குத் தெரியும்போது மறுபடி நடந்து பார்த்து, தேவையிருந்தால் மட்டும் ஒரு முறை அடிக்கிறார்கள். தழைச்சத்தை அளவுக்கு மீறிக் கொடுப்பதும், நினைத்தபோதெல்லாம் கவாத்து செய்வதும், நேராக விரைந்து வளரும் காய்க்காத கிளைகளான நீர்ப்போத்துகளை விட்டுவைப்பதும் தோட்டத்தில் எப்போதும் எங்காவது ஒரு துளிர் இருக்கும்படி செய்துவிடும். அது பூச்சிக்கு இடைவிடாத விருந்து.

நடந்து பார்ப்பது என்றேன். அதற்கும் முறை இருக்கிறது. ஒரு வெள்ளை அட்டையைக் கிளைக்கு ஒரு சாண் கீழே பிடித்துக்கொண்டு, கிளையைக் குச்சியால் மூன்று தட்டுத் தட்டுங்கள். விழுவதை உடனே எண்ணுங்கள், இல்லாவிட்டால் பறந்துவிடும். சைலிட் 3 முதல் 4 மி.மீ. நீளம், ஏறக்குறைய எள் அளவு; இறக்கையில் பழுப்புத் திட்டுகள் இருக்கும். இலையில் உட்காரும்போது தலையைத் தாழ்த்திப் பின்புறத்தை 45 பாகை தூக்கிக்கொண்டு உட்காரும். ஒரு முறை பார்த்துவிட்டால் மறக்காது. அதன் குஞ்சுகள் துளிரின் இடுக்கில் மஞ்சள் நிறத்தில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, பின்னாலிருந்து வெள்ளை மெழுகைச் சுருள் நூலாக வெளித்தள்ளும். முதலில் ஓர மரங்களைத் தட்டுங்கள். வெளியிலிருந்து வரும் சைலிட் வேலியோரத்திலும், பாதையோரத்திலும், மரம் செத்து வெட்டவெளியாகக் கிடக்கும் இடங்களைச் சுற்றியும்தான் முதலில் தங்கும். நடுத்தோட்டத்தில் அது குறைவாகவே இருக்கும். கறிவேப்பிலையிலும் வேலிக்கு வைக்கும் காட்டுக் கறிவேப்பிலையிலும் அது பெருகும் என்பதையும் நினைவில் வையுங்கள். பத்து வரிசையைத் தட்டிப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகலாம். ஓர வரிசைகளுக்கு மட்டும் அடித்தால் போதும் என்று தெரிந்துகொண்டால் அந்த ஒரு மணி நேரம் வீணாகவில்லை.

இனி மஞ்சள் இலை. உங்கள் படங்களைப் பார்த்ததும் எனக்குக் கவலை வந்தது இதில்தான். துத்தநாகப் பற்றாக்குறையிலும் எலுமிச்சை இலை மஞ்சளாகும், சைலிட் பரப்பும் கிரீனிங் என்ற பாக்டீரியா நோயிலும் ஆகும். பற்றாக்குறை என்றால் நடு நரம்புக்கு இருபுறமும் மஞ்சள் ஒத்த வடிவில் இருக்கும், நரம்புகள் பச்சையாக நிற்கும். கிரீனிங்கில் மஞ்சள் திட்டு நரம்புகளைத் தாண்டிப் படர்ந்து, ஒரு பாதி ஒரு விதமாகவும் மறுபாதி வேறு விதமாகவும் இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு பேனாவை எடுத்து, நடு நரம்பின் இருபுறமும் நேருக்கு நேராக இரண்டு வட்டங்கள் போடுங்கள். இரண்டு வட்டங்களுக்குள்ளும் நிறம் ஒத்துப்போனால் சத்துக்குறை என்று ஓரளவு நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பழத்தையும் நடு அச்சு தெரியும்படி நெடுக்காக வெட்டிப் பாருங்கள்: அச்சு வளைந்திருப்பது, விதைகள் சப்பிக் கருகியிருப்பது, பழம் ஒருபக்கமாகக் கோணிக் காம்புக்கு எதிர்முனை பச்சையாகவே நிற்பது ஆகியவை கிரீனிங்கின் பக்கம் சாயும் அடையாளங்கள். வேலைக்கு வந்த தொடக்கக் காலத்தில் ஒரு தோட்டத்தில் ஒரே ஒரு கிளை மட்டும் மஞ்சளாக நின்ற ஏழெட்டு மரங்களைப் பார்த்துவிட்டுத் துத்தநாகம் தெளிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். மரம் முழுவதும் சத்துக் குறைந்தால் ஒரு கிளை மட்டும் ஏன் மஞ்சளாக வேண்டும் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த வரிசையும் அதற்கு அடுத்த வரிசையும் போயிருந்தன.

கிரீனிங் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. இது மரத்தின் பட்டைக்குள் உணவு செல்லும் குழாய்களில் வாழும் பாக்டீரியாவால் வருவது. சைலிட்டும், நோயுள்ள மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக் குச்சியும் இதைப் பரப்புகின்றன. மரத்துக்குள் புகுந்து பல மாதங்கள், சில வேளை ஓரிரு ஆண்டுகள், வெளியில் எதுவும் தெரியாமலேயே இருக்கும். அதற்குள் அந்த மரத்தில் வளர்ந்த சைலிட்டுகள் பக்கத்து மரங்களுக்குப் போயிருக்கும். நோய் வந்த மரத்தை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் சைலிட் 1998இலும் நோய் 2005இலும் கண்டறியப்பட்டன; 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டிகளுக்கு மேல் இருந்த ஆரஞ்சு விளைச்சல் 2022-23இல் 2 கோடிப் பெட்டிகளுக்கும் கீழே போய்விட்டது. அந்த வீழ்ச்சியில் சூறாவளிகளுக்கும், நிலம் வீடுகளாக மாறியதற்கும் பங்குண்டு என்றாலும் முதல் காரணம் கிரீனிங்தான். பிரேசிலின் சாவோ பாலோவில் 2004இல் நோய் தென்பட்டபோது, வலைக்கூடத்தில் வளர்த்த சுத்தமான கன்று, நோய் மரத்தை உடனே வேரோடு எடுப்பது, சைலிட்டைக் கட்டுப்படுத்துவது என்ற மூன்றையும் சேர்த்துச் செய்த பெரிய தோட்டங்கள் பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தன. ஆனால் அங்கும் 2024 கணக்கெடுப்பில் 44 விழுக்காடு மரங்களில் அறிகுறி காணப்பட்டது. ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்ததில் சைலிட் அதற்குப் பழகிப்போனது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

ஐயத்துக்குரியவை என்று நான் ஒதுக்கிவைத்திருப்பவையும் உண்டு. நோய் மரத்துக்கு இலைவழிச் சத்தைக் கூட்டிக் கொடுத்தால் அது சில ஆண்டுகள் பச்சையாக நின்று காய்க்கும் என்பதற்கு என் கண்ணாலேயே சான்று பார்த்திருக்கிறேன். ஆனால் அப்படி நிற்கும் மரம் அக்கம்பக்கத்துக்கெல்லாம் நோய்க் கிடங்காக இருக்கிறது, ஆகவே சுற்றிலும் நோயில்லாத தோட்டங்கள் உள்ள இடத்தில் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அடிமரத்தில் ஊசிவழி ஆன்டிபயாடிக் செலுத்தும் முறை புளோரிடாவில் அனுமதிக்கப்பட்டுச் சில பருவங்கள்தான் ஆகின்றன. பலன் தோட்டத்துக்குத் தோட்டம் மாறுகிறது, ஊசி போட்ட இடத்தில் மரத்துக்குக் காயமும் ஆகிறது. பல நாடுகளில் அதற்கு அனுமதியே இல்லை. புதுக் கன்றுகளுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் நுண்வலை உறை மாட்டுவதும், இலையில் வெள்ளைக் களிமண் கரைசல் பூசிச் சைலிட் இறங்காமல் செய்வதும் பலன் தருகின்றன. செலவும் வேலையும் கட்டுப்படியாகுமா என்பதை அவரவர்தான் கணக்குப் போட வேண்டும்.

உங்கள் பதினைந்து நாள் தெளிப்பால் நேர்ந்திருக்கக்கூடிய இன்னொரு விளைவு, தோட்டத்தில் உங்களுக்காக வேலை செய்துகொண்டிருந்த பூச்சிகள் போயிருப்பது. கலிபோர்னியாவின் எலுமிச்சைத் தோட்டங்களை 1880களில் வெள்ளைப் பஞ்சு போன்ற ஒரு செதில் பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. 1888-89இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஐந்நூறுக்குச் சற்றுக் கூடுதலான பொறிவண்டுகளைக் கொண்டுவந்து விட்டதும் ஓரிரு ஆண்டுகளில் அது அடங்கியது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அடங்கியே கிடந்த அந்தப் பூச்சி, 1940களின் பிற்பகுதியில் டி.டி.டி. பூச்சிக்கொல்லி அடிக்கத் தொடங்கியதும், பொறிவண்டு செத்துப்போன தோட்டங்களில் மறுபடி தலைதூக்கியது. இன்று பைரெத்ராய்டு வகை மருந்தைத் தொடர்ந்து அடிக்கும் தோட்டங்களில் செம்பேனும் செதில் பூச்சியும் பெருகுவதும் அதே கதைதான். அடிமரத்தில் எறும்பு வரிசை ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். எறும்பு அங்கே போவது மாவுப்பூச்சியும் அசுவினியும் கழிக்கும் இனிப்பு நீருக்காக. அதற்குக் கைம்மாறாகப் பொறிவண்டையும் குளவியையும் விரட்டிவிடும். அந்த இனிப்பு நீரில் வளரும் கரும்பூசணத்தைத்தான் பலர் தனி நோய் என்று எண்ணிப் பூசணக்கொல்லி அடிக்கிறார்கள். தரையைத் தொடும் கிளைகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு, அடிமரத்தில் பட்டைத்தாள் சுற்றி அதன் மேல் ஒட்டுப்பசை தடவி எறும்பை நிறுத்தினாலே கரும்பூசணத்தில் பாதி தானாகக் குறையும். ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: சீனத்தில் முசுறு எறும்புக் கூடுகளை விலைக்கு வாங்கி ஆரஞ்சு மரங்களில் கட்டிவைத்து, மரத்துக்கு மரம் மூங்கில் பாலம் போட்டுப் புழுவையும் நாவாய்ப் பூச்சியையும் அடக்கிய வழக்கம் பல நூற்றாண்டுப் பழமையானது. ஆகவே எல்லா எறும்பும் பகை அல்ல. எந்த எறும்பு, எதன் பின்னால் போகிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இலையில் வெள்ளி நூல் ஓடியது போல வளைந்த கோடுகளும் சுருளும் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது இலைத்துளைப்பான், சந்தேகமில்லை. நான்கு ஆண்டுகளைக் கடந்த மரத்துக்கு இதற்காக மருந்து அடிக்கத் தேவையில்லை. இலை அசிங்கமாகத் தெரியும், விளைச்சல் பெரிதாகக் குறையாது. இளங்கன்றுகளிலும் நாற்றங்காலிலும் மட்டும் கவனியுங்கள். ஒரு விதிவிலக்கு, இலையிலும் காயிலும் சொறிப்புண் உண்டாக்கும் பாக்டீரியா நோயான சொறி நோய் உள்ள தோட்டம். அந்தப் பாக்டீரியாவைப் புழு சுமந்து திரிவதில்லை. ஆனால் அது குடைந்த வழி முழுவதும் ஆறாத புண்ணாக இருப்பதால் மழைச்சாரலில் வரும் பாக்டீரியாவுக்குக் கதவு திறந்தாற்போல ஆகிவிடுகிறது. சொறி நோய்க்குக் காற்றோடு சேர்ந்த மழைதான் வாகனம். நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் வேகமுள்ள காற்று, பாக்டீரியா கலந்த நீரை இலையின் இயற்கையான நுண்துளைகளுக்குள் நேராகவே தள்ளிவிடும். ஆகவே காற்றுத்தடுப்பு மர வரிசை இதற்கு மருந்துக்குச் சமம். தாமிர மருந்துகள் காப்பவை, ஆற்றுபவை அல்ல. வந்துவிட்ட சொறியை அவை போக்காது. பூ உதிர்ந்ததிலிருந்து முதல் மூன்று மாதங்கள் காய் எளிதில் பிடித்துக்கொள்ளும் பருவம்; அப்போது மூன்று வாரத்துக்கு ஒரு முறை காயின் மேல் தாமிரப் பூச்சு இருக்கும்படி பார்த்துக்கொள்வது பொதுவான நடைமுறை. இலை ஈரமாக இருக்கும்போது தோட்டத்துக்குள் கவாத்துக் கத்தியோடு போகாதீர்கள்.

தாழ்வான மூலையில் பிசின் வடிவதற்குக் காரணம் அநேகமாக ஃபைட்டாப்தோரா என்ற, மண்ணில் வாழும் நுண்ணுயிரி. இதில் மருந்தை விடத் தண்ணீர்தான் முதல் விஷயம். அந்த நுண்ணுயிரியின் வித்துகள் நீரில் நீந்திப் போகக்கூடியவை. அடிமரத்தைச் சுற்றி ஓர் இரவு தண்ணீர் நின்றால் போதும். ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்குமேல் ஒரு சாணாவது தெரிய வேண்டும். மண்ணோ எருவோ குவிந்து அது மூடியிருந்தால் இன்றைக்கே விலக்குங்கள். பாத்தி நீர் தண்டைத் தொடாதபடி மரத்தைச் சுற்றி மேடு கட்டி, அதற்கு வெளியே நீர் விடுங்கள். பிறகு புண்ணான பட்டையைப் பச்சைத் திசு தெரியும்வரை சுரண்டிவிட்டுப் போர்டோ பசை பூசுங்கள்: ஒரு கிலோ மயில்துத்தத்தை (தாமிர சல்பேட்) 5 லிட்டர் நீரிலும், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பை 5 லிட்டர் நீரிலும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். கலந்ததும் துருவில்லாத இரும்புக் கத்தியை அதில் ஒரு நிமிடம் நனைத்து எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, பட்டை வெந்துவிடும். இன்னும் கொஞ்சம் சேர்த்து மறுபடி கத்தியை விடுங்கள். அன்று கலந்ததை அன்றே பூசி முடிக்க வேண்டும். பட்டை சுற்றளவில் பாதிக்குமேல் அழுகிய மரத்தை நான் காப்பாற்ற முயல்வதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழ ஈக்கு உதிர்ந்த பழத்தை அன்றாடம் பொறுக்கி ஆழமாகப் புதைப்பதும் புரதக் கவர்ச்சிப்பொறி வைப்பதும் தெளிப்பை விடப் பயன் தரும். இரவில் வந்து பழத்தைத் துளைத்து உறிஞ்சும் பெரிய அந்துப்பூச்சியின் புழு உங்கள் மரத்தில் வளர்வதே இல்லை, சீந்தில் போன்ற காட்டுக் கொடிகளில் வளர்கிறது. ஆகவே மரத்துக்கு அடித்துப் பயனில்லை, பழத்துக்கு உறை போடுவதும் சுற்றியுள்ள அந்தக் கொடிகளை எடுப்பதும்தான் வழி.

மருந்து அடித்தே ஆகவேண்டிய நாளில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, வணிகப் பெயரை மாற்றினால் மருந்து மாறிவிட்டதாக ஆகாது. பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் செயல்முறைக் குழு எண், அதாவது மருந்து பூச்சியை எந்த வழியில் கொல்கிறது என்பதைக் குறிக்கும் எண், மாற வேண்டும். உங்கள் பட்டியலில் உள்ள நான்கு பெயர்களில் மூன்று ஒரே குழுவைச் சேர்ந்தவை. இரண்டாவது, பூத்திருக்கும்போது பூச்சிக்கொல்லி வேண்டாம், தேனீ சாகும். மூன்றாவது, செதில் பூச்சிக்கும் செம்பேனுக்கும் தோட்டக்கலைக் கனிம எண்ணெயை ஒரு விழுக்காட்டுக்கு மேல் போகாமல் அடிக்கலாம், அது மூச்சடைத்துக் கொல்வதால் பூச்சி எளிதில் பழகிக்கொள்ளாது; ஆனால் வெயில் கடுமையான நாளிலும், நீரின்றி வாடிய மரத்திலும், கந்தகம் அடித்த ஒரு மாதத்துக்குள்ளும் அடித்தால் இலை கருகும். அளவுகளுக்கு என் சொல்லை விட உங்கள் நாட்டில் அனுமதிக்கப்பட்ட லேபிளையே நம்புங்கள்.

இவ்வளவும் மூன்று புகைப்படங்களையும் உங்கள் வரிகளையும் வைத்துச் சொன்னது. இலைத்துளைப்பானை மட்டும்தான் படத்தை வைத்தே உறுதியாகச் சொல்கிறேன். பிசின் நோயை ஏறத்தாழ உறுதியாகச் சொல்கிறேன். மஞ்சள் இலையைப் பற்றி ஆய்வகம் சொல்லும் வரை எந்த மரத்தையும் வெட்டாதீர்கள், எதையும் சத்துக்குறை என்று ஒதுக்கியும் விடாதீர்கள். பரிசோதனைக்கு அனுப்பும்போது முழுக்க மஞ்சளான இலையையோ இளந்துளிரையோ பறிக்க வேண்டாம். திட்டுத் திட்டாக நிறம் மாறிய முற்றிய இலைகளைக் காம்போடு, ஒரே மரத்தின் நான்கு பக்கங்களிலிருந்தும் எடுங்கள். கழுவி ஈரம் துடைத்துக் காகிதத்தில் சுற்றி, மரத்துக்கு ஒரு பை என்று தனித்தனியாக வைத்து, வெயிலில் வைக்காமல் அன்றே அனுப்பிவிடுங்கள். எந்த மரத்தில் எடுத்தீர்களோ அதில் எண் எழுதிய ஒரு வண்ணத் துணியைக் கட்டி, அதே எண்ணைப் பையிலும் எழுதிவையுங்கள்; முடிவு வர சில வாரங்கள் ஆகலாம், அதற்குள் எந்த மரம் என்பது மறந்துவிடும்.